திரைச்சீலைக் கோட்டு

லாபு என்ற சிற்றூரைத் தாண்டிச் செம்மண் சாலையில் ஒற்றை மரப்பாலத்தைக் கடந்தால் வருகிற ரப்பர் தோட்டத்துக்கு ஒத்தப்பாலத் தோட்டம் என்று பெயர். அந்தத் தோட்டத்து மாரியாத்தாளுக்கு அப்போது இருந்த சொத்து இரண்டுதான். ஒன்று, காது மந்தமான பூசாரி சன்னாசி. மற்றது, கருநீல வெல்வெட்டில் ஒரு திரைச்சீலை.

அந்தத் திரை ஆத்தாளிடம் வந்து சேர்ந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். துரை வீட்டு வரவேற்பறையில் தொங்கியதாம். ஆத்தாள் துரைசாணியின் கனவில் போய், 'உனக்கு வெல்வெட்டு, எனக்குக் கந்தலா?' என்று இங்கிலீஷிலேயே கேட்டாளாம். பொழுது விடிந்ததும் துரைசாணி நடுநடுங்கிக்கொண்டு திரையைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாளாம். ஆத்தாள் எந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்துப் பெண்கள் தங்கள் கல்யாணச் சேலைகளிலிருந்து சரிகையை அறுத்து வந்து அதற்கு ஓரம் வைத்துத் தைத்தார்கள்.

அலங்காரம் நடக்கும்போது ஆத்தாளைப் பார்க்கக் கூடாது. அது அவள் உடை மாற்றுகிற நேரம். சன்னாசி திரையை இழுத்துவிட்டு உள்ளே போனால், மணியடித்து அதை விலக்கும்வரை தோட்டமே அந்த நீலத் துணியைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கும். முதுகுக்குப் பின்னால் புலி போனாலும் ஒருவர்கூடத் திரும்பமாட்டார். ஒரு வருஷம் ராமசாமிக் கங்காணியின் மாடு பின்னால் வந்து, பொங்கல் சட்டியைக் காலி செய்து, பாக்கியிருந்த வாழைப்பழத்தையும் தோலோடு முடித்து, நிதானமாக ஏப்பம் விட்டுவிட்டுப் போனது. திரை விலகிய பிறகுதான் சட்டி காலியென்று தெரிந்தது. அப்படிப்பட்ட பக்தி.

அந்தத் திரையைத்தான் திருநாவுக்கரசு உடுத்திக்கொண்டு போனான்.

பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு மரத்துக்குப் பால் வெட்டிவிடலாம் என்று சொல்லித் தோட்டம் அவன் பெயரை அரசு என்று சுருக்கிவிட்டது. மயிலம்மாளுக்கு ஒரே பிள்ளை. புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்தபின், அவள் பால்மரம் வெட்டி வெட்டியே அவனைச் சிரம்பானில் சீனியர் பரீட்சை வரைக்கும் படிக்க வைத்தாள். ஜப்பான்காரன் வந்தான், துரை காரில் ஓடினார், ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு இடையில் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். அரிசி அபூர்வம், உப்பு அதைவிட அபூர்வம், துணி என்பது பேச்சில் மட்டும் இருந்த ஒரு பொருள். பெண்கள் சாக்கைச் சாயம் தோய்த்துக் கட்டினார்கள். ஒருவர் ரப்பர்ப் பாலை ஷீட்டாக அடித்து அதையே சட்டையாகப் போட்டுக்கொண்டு வெயிலில் போய், உடம்போடு ஒட்டிக்கொண்டு, கத்தியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் அரசு சிரம்பானில் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்து முதலாவதாக வந்தான். வந்ததோடு நிற்காமல் தேர்வாகியும்விட்டான். நல்ல பிள்ளைகளாகச் சிலரைப் பொறுக்கி டோக்கியோவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பப் போகிறார்கள். ஒருவனுக்கு வைத்தியம், ஒருவனுக்கு விவசாயம், அரசுவுக்கு வியாபாரம். கல்லூரிக்கு மேலே ஒரு கல்லூரி. அதன் முடிவில் ஒரு பெரிய பட்டம்.

குழாயடியில் இதைக் கேட்ட பஞ்சாலைக்கு நம்பிக்கை வரவில்லை. பஞ்சாலை மயிலம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்க்குப் பயந்து மழை கூடச் சுற்றிப் போகும் என்பார்கள்.

"வியாபாரத்துக்கு எதுக்குத் தம்பி படிப்பு? நம்ம கடைக்காரன் படிக்காமலே நம்மள மொட்டையடிச்சான். நீ படிச்சிட்டு வந்தீன்னா தோலையே உரிச்சிருவ போலிருக்கே!"

"அப்படியில்ல சின்னம்மா. எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போவணும், எப்ப வாங்கணும், எப்ப விக்கணும், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு."

"சும்மா இரு புள்ள," என்றார் ராமசாமிக் கங்காணி. "நாளைக்கு இந்தத் தோட்டத்துக்கு இவந்தான் துரை. அப்ப நீ குழாயடியில வாயைத் தொறக்க முடியாது."

"அதுக்குத்தான் இப்பவே தொறக்கறேன்லா," என்றாள் பஞ்சாலை.

டோக்கியோவில் குளிர், கோட்டு இல்லாமல் வரக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கோட்டுக்குத் துணி? தோட்டத்தில் கோட்டு தைக்கிற கனத்தில் இருந்த துணி ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல எல்லாருக்கும் பயம். கடைசியில் சன்னாசியே சொன்னார். ஆனால் கேட்காமல் எடுக்க முடியுமா? ஆத்தாளின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டி வைத்தார். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம். கங்காணி கேள்வியை முடிப்பதற்குள்ளேயே வலப்பூ பொத்தென்று விழுந்தது.

"எடப்பக்கம் சோத்துப் பசை தடவியிருப்பாரு," என்று முணுமுணுத்தாள் பஞ்சாலை.

"சோறு எங்கடி இருக்கு, பசைக்கு?" என்றாள் மயிலம்மாள்.

லாபுவில் தையல் மிஷின் வைத்திருந்த அப்துல் மஜீத் தைத்துக் கொடுத்தார். நூலுக்குப் பதில் அன்னாசி நார். சரிகை ஓரம் அப்படியே கழுத்துப் பட்டைக்கு வந்தது. வியாபாரம் படிக்கப் போகிறவனுக்குப் பை நிறைய வேண்டும் என்று உள்ளே நாலு, வெளியே நாலு வைத்தார். போட்டுப் பார்த்தபோது அரசு பாதி மகாராஜா, பாதி சர்க்கஸ்காரன். குங்குமமும் சாம்பிராணியும் கற்பூரப் புகையும் ஊறிய வாசனை அந்தத் துணியை விட்டுப் போகவேயில்லை.

புறப்படுகிற அன்று வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று, ஒளித்து வைத்திருந்த அரிசியையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். அத்தனையும் சேர்ந்து ஒருவனுக்குத்தான் சோறாயிற்று. கோயில் முன்னால் இலை போட்டு அவனை உட்கார வைத்துத் தோட்டமே சுற்றி நின்று பார்த்தது. வெள்ளைச் சோற்றை அவன் உருட்டி வாயில் வைத்தபோதெல்லாம் சுற்றி நின்ற தொண்டைகள் எல்லாம் சேர்ந்து விழுங்கின. "நல்லா சாப்பிடுய்யா," என்றார்கள். சாப்பிட்டான். பருக்கை மீதி வைக்கவில்லை. பின்னாளில் அவன் மறக்க நினைத்தும் முடியாமல் போனது அந்த இலைதான்.

மயிலம்மாள் ஆத்தாள் முன்னால் சூடத்தை அணைத்து வேண்டிக்கொண்டாள். கப்பல் கரை சேர்ந்துவிட்டால் ஆடித் திருவிழாவில் தீ மிதிக்கிறேன்.

சிங்கப்பூர்த் துறைமுகம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே கப்பலைப் பார்த்தான். அது பெரிதாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த கடல் இன்னும் பெரிதாக இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவன், போன மாதம் போன கப்பலைத் தண்ணீருக்குள்ளிருந்து அடித்துவிட்டார்களாம், ஒரு தொப்பிகூட மிதக்கவில்லையாம் என்றான். அவ்வளவுதான். அரசுவின் முழங்கால்கள் அவனிடம் கேட்காமலே முடிவெடுத்தன. யாரும் அவனைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை, வியாதி என்று ஒதுக்கவில்லை. அவனாகவே நகர்ந்து அடுக்கி வைத்திருந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜப்பான்காரக் குமாஸ்தாவுக்கு அந்தப் பெயர் வாயில் அடங்கவில்லை. திக்கித் திக்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்து, வியர்த்துக்கொண்டே கூப்பிட்டான். பதில் இல்லை. தலை எண்ணிக்கை குறைந்தால் குமாஸ்தாவின் கன்னத்தில் விழும். கும்பலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு பையன், ஊர் பேர் தெரியாதவன், "ஹாய்!" என்று ஜப்பான் மொழியில் ஆமாம் போட்டுக் கத்திக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றான். குமாஸ்தா நிம்மதியாகக் கையை ஆட்டினான். திருநாவுக்கரசு கப்பல் ஏறியாயிற்று. மூட்டைக்குப் பின்னாலிருந்து திருநாவுக்கரசு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மூழ்கியிருந்தாலாவது பிழைத்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம்.

திரும்பி வருகிற வழியில் சிரம்பானில் இறங்கினான். அங்கிருந்து லாபு கூப்பிடு தூரம். காலை அந்தப் பக்கம் திருப்பினான். இலையும் சோறும் சுற்றி நின்ற தொண்டைகளும் முன்னால் வந்து நின்றன. எதிரே போன விறகு லாரியில் ஏறி, அது எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் போய், சி ரூசா கடற்கரையில் இறங்கினான். எந்தக் கடலுக்குப் பயந்தானோ அதன் ஓரத்திலேயே ஒளிந்துகொண்டான்.

அங்கே கனி நானா என்பவர் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முன்பு போர்ட்டிக்சனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் வந்த வாரத்தில் கடையைச் சூறையாடியபோது, 'அந்த நீலக் கைலி சாயம் போகும், பச்சையை எடுத்துக்க' என்று திருடனுக்கு எடுத்துச் சொன்னாராம். அப்படிப்பட்ட வியாபாரி. இப்போது எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாகப் பிளந்து அடுப்பில் வைத்து, விறகைத் தள்ளித் தள்ளிக் கரியாகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஹாஜரா உப்பைச் சுரண்டி எடுப்பாள். நானா அதில் பாதியை இரக்கப்பட்டுச் சும்மா கொடுத்துவிடுவார்.

அரசு தன்னைக் கோலா பிலாவைச் சேர்ந்த அநாதை என்றான். கோட்டைப் பற்றிக் கேட்டபோது, நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டதாகச் சொன்னான்.

"நல்ல கம்பெனிதான் தம்பி," என்றார் நானா, மோந்து பார்த்துவிட்டு. "கோயிலு மாதிரி மணக்குது."

அந்தக் கோட்டை ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டி மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டான். ஆனால் அடுப்புச் சூடு பட்டால் அது வாசனையைக் கிளப்பும். உப்பும் புகையும் மண்டிய அந்தக் கொட்டகையில் திடீரென்று சாம்பிராணி மணக்கும். அப்போதெல்லாம் அவன் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போவதுபோல வெளியே போய்விடுவான். வெளியே கடல். உள்ளே ஆத்தாள். நடுவில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் காலி வாளியோடு திரும்புவான்.

ஆடி பிறந்து திருவிழா நெருங்கிய சமயம், உப்பு வாங்க ஒருவர் சைக்கிளில் வந்தார். குரலைக் கேட்டதும் அரசு தட்டிக்குப் பின்னால் பாய்ந்தான். லாபு அப்துல் மஜீத்.

"நானா, இப்படி உப்புக் காய்ச்சியே நீங்களும் பீப்பாய் நிறத்துக்கு வந்துட்டியளே! என்னைப் பாருங்க. என் கை பட்ட கோட்டு ஒண்ணு இப்ப டோக்கியோவுல திரியுது."

"யாரு போட்டுக்கிட்டுத் திரியுறாக?"

"தோட்டத்துப் புள்ள ஒண்ணு. திருநாவுக்கரசுன்னு பேரு. வியாபாரத்துல மேல்படிப்பு. கருநீல வெல்வெட்டு நானா, கழுத்துல சரிகை. ஜப்பான் ராசாவே பாத்துட்டு, 'யாரு தைச்சா'ன்னு கேட்டிருப்பாரு."

கனி நானா தட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு தட்டிக்கு இந்தப் பக்கம் அரசுவுக்குத் தெரிந்தது.

"நல்லா இருக்கானாமா?"

"அவன் ராசா மாதிரி இருக்கான். எல்லாரும் போயிச் சேந்தாச்சுன்னு சிரம்பான் ஆபீஸ்ல சொல்லிட்டாக. தாய்தான் பாவம். கப்பல் கரை சேந்ததுக்கு வெள்ளிக்கெழம தீ மிதிக்கப் போவுது. மரவள்ளியத் தின்னு தின்னு காலெல்லாம் வீங்கிப் புண்ணாக் கெடக்கு, அந்தக் காலோட. உப்புங்கூட இல்ல நானா அந்தத் தோட்டத்துல. ஆத்தாளுக்கு உப்புக் கொட்டறது வழக்கமாம், இந்த வருசம் அதுக்கும் வழியில்ல."

மஜீத்தின் சைக்கிள் மறைந்ததும் நானா தட்டியை விலக்கினார்.

"அப்ப ராஜபார்ட்டு இல்ல," என்றார் நானா.

"இல்ல நானா."

"கப்பலு?"

அரசு தலையைக் குனிந்துகொண்டான். நானா ஒரு விறகை எடுத்து அடுப்பில் தள்ளினார்.

"கோட்டை யார்கிட்டயாவது குடுத்து கோயில்ல போடச் சொல்லிடறேன்," என்றான் அரசு. "அதப் பாத்தா அம்மா தீயில எறங்கமாட்டாங்க."

உள்ளேயிருந்து ஹாஜரா சொன்னாள்: "ஏந்தம்பி, இவ்வளவு படிச்சும் புத்தி இப்படிப் போவுதே? கோட்டு மட்டும் போயி நின்னா என்னன்னு நினைப்பாக? மீன் தின்ன மிச்சம்னுதானே? அந்தம்மா தீயில எறங்கமாட்டாக, விழுந்துருவாக."

வேறு வழியில்லை என்று தெரிந்தது. ஆனாலும் வெட்கம் ஒரு கெட்டிக்கார மிருகம். கடைசி வரைக்கும் சந்து தேடும். அரசு ஒரு சந்து கண்டுபிடித்தான். அலங்கார நேரத்தில் போவது. அப்போது எல்லார் முகமும் கோயிலைப் பார்த்து இருக்கும். சாலை அவர்கள் முதுகுக்குப் பின்னால். இந்தத் திரை இல்லாவிட்டால் என்ன, யாராவது சேலையைக் கட்டியிருப்பார்கள். கோட்டைப் பின்னால் வேலியில் மாட்டிவிட்டு, அம்மாவின் தோளைத் தொட்டு அப்படியே தனியே அழைத்துப் போய், காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. மாடு பொங்கல் தின்றதே தெரியாத இடத்தில் மனிதன் வந்தது தெரியவா போகிறது?

வெள்ளிக்கிழமை விடியும்போதே புறப்பட்டான். மூட்டை கொண்டுபோனால் சிப்பாய்கள் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் கோட்டைப் போட்டுக்கொண்டான். நானா எட்டுப் பைகளிலும் உப்பை நிரப்பித் தட்டிவிட்டார். சிரம்பான் எல்லையில் நின்ற சிப்பாய்க்கு இந்த வெல்வெட்டு ஆளை அறைவதா, இவனுக்குச் சல்யூட் அடிப்பதா என்று புரியவில்லை. அரசு இடுப்பு வரைக்கும் குனிந்து, ஜப்பான் மொழியில் குசலம் விசாரித்தான். சிப்பாய் வழிவிட்டான். அத்தனை நாள் படித்த படிப்பு, அம்மாவிடம் திருட்டுத்தனமாகப் போய்ச் சேர்வதற்குத்தான் உதவியது என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

பாலத்தை நெருங்கும்போது தப்பு மெதுவாகத் தட்டுவது கேட்டது. அலங்கார மேளம். சன்னாசி உள்ளே போயாயிற்று. அரசு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, வளைவில் திரும்பினான்.

முதுகுகளை எதிர்பார்த்து வந்தவனுக்கு எதிரே முகங்கள்.

யாரிடமும் கொடுக்கச் சேலை இல்லை. சேலை என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு பெண் இருந்தாள். திரை போன நாளிலிருந்து சன்னாசி ஒரு வழி செய்திருந்தார்: அலங்காரம் முடியும்வரை எல்லாரும் கோயிலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். ஆண், பெண், குஞ்சு குளுவான் அத்தனையும் அப்படித்தான் நின்றிருந்தன. சும்மா நிற்கவில்லை, கைகூப்பி நின்றிருந்தன. அந்தக் கூப்பிய கைகளுக்கெல்லாம் எதிரே, வெயிலில், சரிகைக் கழுத்தோடு அரசு நின்றான்.

"அக்கா!" என்று கூவினாள் பஞ்சாலை. "ஒம்மவன்! ஒம்மவன் வந்துட்டான்!"

"அதுக்குள்ளயா படிச்சு முடிச்சான்?" என்றது ஒரு குரல்.

"ஜப்பான்காரன் சிங்கப்பூரையே ஒரே வாரத்துல முடிச்சவன்," என்றார் ராமசாமிக் கங்காணி. "ஒரு படிப்ப முடிக்க எத்தினி நாளாவும்? வா தம்பி, வா! வியாபாரத்துல எத்தினாவதா வந்தே?"

பொய்யை அவர்களே சமைத்து இலையில் போட்டுவிட்டார்கள். அவன் கை நனைத்தால் போதும். தலை ஆட வேண்டியதுதான் பாக்கி. அது லேசாக ஆடவும் ஆரம்பித்தது. அப்போதுதான் கூட்டத்துக்குள் மயிலம்மாளைப் பார்த்தான். மஞ்சள் தோய்த்த சாக்கு, கையில் வேப்பிலை, கட்டு அவிழ்த்த காலில் புண். அவள் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"கப்பல்ல வாந்தி எடுத்தியாடா?" என்றாள். "உனக்கு லாரியே ஒத்துக்காதே."

"நான் கப்பல் ஏறலம்மா."

தப்பு நின்றது.

"பயமா இருந்துச்சு," என்றான்.

மனிதர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிடிக்காததைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அன்று அந்த வசதி யாருக்கும் இல்லை. திரும்பினால் ஆத்தாள், அரைகுறை அலங்காரத்தில். கங்காணி வெடுக்கென்று கழுத்தைத் திருப்பப் போய், பாதியில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். கூப்பிய கைகளை இறக்கவும் முடியவில்லை, ஆத்தாள் காரியம் முடியவில்லையே. அவனைக் கும்பிட்டபடியே, அவனை வெறுத்தபடியே, அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சன்னாசிக்கு எதுவும் காதில் விழவில்லை. அன்றைக்கென்று பூவைக் கிள்ளிக் கிள்ளி, மாலையை ஏற்றி இறக்கி, ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோலச் செய்துகொண்டிருந்தார்.

"பயந்தா என்ன?" என்றாள் பஞ்சாலை. அவள் குரலில் கேலியே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கே திரும்பி வந்திருக்கலாம்ல? சோத்தைத் தின்னுட்டேன்னு உன்னைக் கடிச்சா தின்னுருப்போம்? எம்புள்ள சாமி கும்புடறப்ப ஆத்தாவைக் கும்புடாம, 'அரசண்ணனுக்குக் குளிரக் கூடாது'ன்னு கும்புட்டுச்சுடா."

அரசுவுக்குக் கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. சாம்பிராணி வாசனை கிளம்பியது.

"கழட்டு," என்றாள் மயிலம்மாள்.

கழற்றினான். கோட்டின் கனத்தை அவள் கை ஒரு கணம் நிதானித்தது. "இப்படித் திரும்பி நில்லு. என்னோட சேந்து பின்பக்கமாவே நட," என்றாள். அம்மாவும் மகனும் முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நண்டுகளைப்போலப் பின்னோக்கி நடந்து கோயில் வாசலுக்குப் போனார்கள். கூட்டத்தைக் கடந்து முதுகுகள் தெரிந்தபோதும் அந்த முகங்கள்தான் அவனோடு வந்தன. வாசலில் அவள் கோட்டைத் தலைகீழாகத் திருப்பி, அகலமான அடிப்பக்கத்தின் ஒரு மூலையை அவன் கையில் திணித்தாள். மறு மூலையை அவள் பிடித்துக்கொண்டாள். சின்னக் கோயில், வாசலை அடைக்க அது ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது.

"இப்பத் திரும்புங்க எல்லாரும்," என்றாள்.

திரும்பினார்கள். அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்த கோட்டின் எட்டுப் பைகளும் வாய் திறந்து, வெள்ளை வெளேரென்று உப்பு ஆத்தாள் வாசலில் கொட்டியது.

உப்பில்லாத கிழங்கைத் தின்று மரத்துப்போன நாக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊறின. ஆத்தாளுக்குக் கொட்டியதைத் தொடலாமா? பஞ்சாலை ஒருமுறை எச்சிலை விழுங்கினாள். "ஆத்தா ஒருத்தி. அவளுக்கு இம்புட்டு எதுக்கு?" என்று சொல்லி, முந்தானையை விரித்துக்கொண்டு மண்டியிட்டாள். அவ்வளவுதான், தோட்டமே மண்டியிட்டது. சரியாக அப்போது சன்னாசி மணியை அடித்துக்கொண்டு வெளியே வந்து, கோட்டை விலக்கிப் பார்த்தார். வாசலில் அத்தனை பேரும் தலை தரையில் படும்படி குனிந்திருந்தார்கள்.

"அடேயப்பா! என்ன பக்தி!" என்றார்.

சிலர் சிரித்தார்கள். அரசுவுக்கும் உதடு அசைந்தது. எதிரே யாரும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது. உப்பை எடுத்துக்கொண்டார்கள், அவனை எடுத்துக்கொள்ளவில்லை.

தீக்குழி தயாராக இருந்தது. பழைய ரப்பர் மரங்கள், விறகுக்குக் குறைவில்லை. அரசு அம்மாவின் முன்னால் போய் நின்று, மூட்டைக்குப் பின்னாலிருந்து பார்த்ததையெல்லாம் சொன்னான்.

"வேணாம்மா. நாந்தான் போவலையே. எதுக்குத் தீ?"

"நான் என்ன வேண்டினேன்? கப்பல் கரை சேரணும்னு. சேந்துச்சுல்ல?"

"நான் அதுல இல்லையே!"

"உம்பேரச் சொல்லிக்கிட்டு ஒரு புள்ள போச்சுன்னு சொன்னியே, அதுக்கும் எங்கயோ ஒரு தாய் இருப்பாள்ல? அவளுக்குத் தெரியாது. வேண்டிக்கிட்டவ நாந்தானே?" வேப்பிலையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "தள்ளு."

"அப்ப நான் நடக்கறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. "முடிஞ்சா வா," என்றாள்.

அவள் இறங்கினாள். வீங்கிய காலோடு, அவசரமில்லாமல், குழாயடிக்குப் போவதுபோல நடந்தாள். அரசு பின்னால் ஓர் அடி வைத்தான். அனல் முகத்தில் அறைந்தது. துறைமுகத்தில் முடிவெடுத்த அதே முழங்கால்கள் இங்கேயும் அவனைக் கேட்கவில்லை. நின்றுவிட்டான். அம்மா அந்தப் பக்கம் ஏறி, பால் குழியில் காலை வைத்து, திரும்பிப் பார்த்தாள். மகன் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். அவள் யாருக்கும் தெரியாமல் லேசாகத் தலையசைத்தாள், இருக்கட்டும் என்பதுபோல. அதை அவன் பார்த்தான். அவள் திட்டியிருந்தால் அவன் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கலாம்.

பொழுது சாயும்போது வேகவைத்த கிழங்கை இரண்டாகப் பிட்டு ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். தின்றாள். "உப்பு நல்ல உப்பு," என்றாள். மறுபடி அந்தக் கப்பலைப் பற்றி அவள் சாகும்வரை பேசவில்லை.

மஜீத் வந்து கோட்டைப் பிரித்துத் திரும்பவும் திரையாக்கினார். பிரிக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. டோக்கியோவில் திரிந்த கோட்டாயிற்றே. கைக்காக வெட்டிய இடங்களில் சாக்கு ஒட்டுப் போட்டார். பொத்தான் ஓட்டைகளை அடைக்க நூல் போதவில்லை. ஒரு பையையும் அப்படியே விட்டுவிட்டார். உலகத்திலேயே பை வைத்த திரைச்சீலை ஒத்தப்பாலத்து மாரியாத்தாளுக்கு மட்டும்தான் உண்டு. சன்னாசி அதில் வெற்றிலை வைத்துக்கொள்வார்.

சண்டை முடிந்தது, ஜப்பான்காரன் போனான், துரைமார் வந்தார்கள், போனார்கள். அரசு தோட்டத்துக் கடையை எடுத்து நடத்தினான். நியாயமான வியாபாரி என்று பெயர் வாங்கினான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை. 'ஜப்பான்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜப்பான் கடை, ஜப்பான் வீடு, ஜப்பான் பெண்டாட்டி, ஜப்பான் பிள்ளைகள். ஜப்பானில் எங்கேயோ ஒரு திருநாவுக்கரசு வியாபாரத்தில் பெரிய பட்டம் வாங்கி, கார் வைத்துக்கொண்டு, ஜப்பான் பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான் என்று பஞ்சாலை சாகும்வரை சத்தியம் செய்தாள். "நம்மகிட்ட இருக்கறது மிச்சம்," என்பாள்.

பிரித்துத் தைத்ததில் திரை குட்டையாகி, கம்பியில் மாட்ட எட்டவில்லை. ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அரசு பிடித்தான். புதுத் திரை வாங்கிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "இருக்கட்டும்" என்பான். உள்ளே ஆத்தாள் உடுத்திக்கொண்டிருப்பாள். வாசலில் கையை உயர்த்தித் திரையைப் பிடித்தபடி அவன். எதிரே தோட்டம் முழுவதும் அவன் பக்கம் பார்த்துக் கைகூப்பி நிற்கும். மணி அடிக்கும்வரை அவன் தலையைக் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பான்.